நல்ல கலங்கள் ஏன் முதலில் சாகின்றன?

"ஏம் புள்ள, நல்லதெல்லாம் வெந்து உரிஞ்சு போவுது. அந்தக் கெட்டது மட்டும் என்னாத்துக்கு இன்னும் உசுரோட இருக்கு?"

அத்தை இப்படிக் கேட்டது, கரண்ட் (கதிர்ச் சிகிச்சை) வைக்கத் தொடங்கிய மூன்றாவது வாரத்தில். உள் கன்னத்தில் வந்த கட்டியை ஏற்கெனவே வெட்டி எடுத்திருந்தார்கள். ஆனால் வெட்டிய துண்டின் ஓரத்தில் புற்றுக் கலங்கள் தெரிகின்றன என்று ரிப்போர்ட் வந்தது. அதனால்தான் கண்டிக்குப் போய்க் கதிர்ச் சிகிச்சையும், கூடவே சிஸ்பிளாட்டின் என்ற புற்றுமருந்து ஊசியும். வாய் முழுக்கப் புண். எச்சில் பசை மாதிரி இறுகிவிட்டது. கஞ்சியில் உப்பிருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணுக்கு மார்புப் புற்று. அவள் சீப்பை எடுக்கும்போதெல்லாம் முடி கொத்தாகக் கையோடு வந்தது. அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் அத்தை கேட்டார்.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். பாடப்புத்தகம் சொல்லும் பதில் கைவசம் இருந்தது. புற்றுக் கலங்கள் வேகமாகப் பிரிகின்றன, மருந்தும் கதிரும் வேகமாகப் பிரியும் கலங்களைத் தாக்குகின்றன, வாயின் உட்சவ்வும் முடி வேரும் வேகமாகப் பிரிவதால் அவையும் அகப்பட்டுக்கொள்கின்றன. இதை அத்தைக்குப் புரியும் விதத்தில் சொன்னேன். கொழுந்து பறித்தே வாழ்நாளைக் கழித்தவர், பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றது. ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அப்போ ரொம்ப வேகமா வளர்றது கெட்டதுதானே, அதுதானே மொத்தமா மொதல்ல போவணும்?" என்றார்.

சரிதானே? தாக்குதல் வேகத்தைப் பார்த்து நடப்பதென்றால், முதலில் விழ வேண்டியது கட்டிதான். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கண்டிக்குப் போகும் வழியில் கினிகத்தேனை வளைவுகளில் பஸ் இறங்கும்போதும் ஏறும்போதும் அதுவே மனதில் ஓடியது. பாடப்புத்தகத்தின் பதில் பொய்யில்லை, ஆனால் பாதிதான். மீதிப் பாதி, ஒரு கலம் எப்படிச் சாகிறது என்பதில் இருக்கிறது. கதிர் கலத்தைக் கொல்கிறது என்று நாம் எல்லோரும் சாதாரணமாகச் சொல்கிறோம். பல நேரங்களில் கதிர் கொல்வதில்லை. அது காயப்படுத்துகிறது. காயப்பட்ட கலம், இனித் தான் இருக்கக்கூடாது என்று தீர்மானித்துத் தானே சாகிறது.

தினமும் நடக்கும் சாவு

இதைப் படிக்கும் உங்கள் உடம்பில் இன்று ஒரு நாளில் மட்டும் 5000 கோடி முதல் 7000 கோடி வரையான கலங்கள் இப்படிச் சாகும் என்று மதிப்பிடுகிறார்கள். யாருக்கும் வலிக்காது, காய்ச்சல் வராது. தாயின் வயிற்றில் நம் கை முதலில் துடுப்புப் போலத்தான் உருவாகிறது. ஆறாம் வாரத்துக்கும் எட்டாம் வாரத்துக்கும் இடையில் விரல்களுக்கு நடுவே இருக்கும் கலங்கள் செத்துப்போவதால்தான் விரல்கள் பிரிகின்றன. வாத்தின் காலில் அந்த இடைக் கலங்கள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன, அதனால் அதற்குச் சவ்வுக் கால். நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் உருவாகும், நோயை எதிர்க்கும் ரி கலங்களில் மிகப் பெரும்பாலானவை வெளியே வராமலே சாகின்றன. நம் உடம்பையே தாக்கக்கூடியவை அங்கேயே கழிக்கப்படுகின்றன. மண்ணில் வாழும், ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ள ஓர் உருளைப் புழுவின் இருபால் வகையில் இதைக் கலம் கலமாக எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அது வளரும்போது 1090 உடற்கலங்கள் உருவாகின்றன, அதில் 131 சாகின்றன, 959 மிஞ்சுகின்றன. அந்த வகையில் எந்தப் புழுவை எடுத்தாலும் அதே 131 தான். எந்தக் கலம், எப்போது என்பது வரை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஆராய்ச்சிக்குத்தான் சிட்னி பிரெனர், ரொபர்ட் ஹோர்விட்ஸ், ஜோன் சல்ஸ்டன் மூவருக்கும் 2002-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அதற்கு நெடுங்காலம் முன்பே இந்தச் சாவைக் கண்ணால் பார்த்தவர் இருக்கிறார். ஜோன் கெர் என்ற ஆஸ்திரேலிய நோயியலாளர், 1960களில் எலியின் ஈரலுக்குக் குருதி கொண்டுபோகும் குழாயின் கிளைகளைக் கட்டிவிட்டு ஈரலில் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பகுதியில் கலங்கள் வீங்கி வெடித்துச் செத்தன. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் இன்னொரு பகுதியில் ஒன்றிரண்டு கலங்கள் மட்டும் வீங்காமல் சுருங்கி, பக்கத்துக் கலங்களுக்குத் தொந்தரவில்லாமல் மறைந்துகொண்டிருந்தன. 1972-இல் அன்ட்ரூ வைலி, அலஸ்டெயர் கரி ஆகியோருடன் சேர்ந்து இதற்கு அப்பொப்டோசிஸ் என்று பெயர் வைத்துக் கட்டுரை எழுதினார். அந்தக் கட்டுரை வந்தது ஒரு புற்றுநோய் ஆய்விதழில். அப்போதே அவர்கள் இது புற்றோடு சம்பந்தப்பட்டது என்று கண்டுகொண்டார்கள்.

நுணுக்குக்காட்டியில் அது எப்படி இருக்கும் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இவ்வளவு ஒழுங்கான ஒரு சாவை நான் வேறெங்கும் படித்ததில்லை. கலம் முதலில் சுருங்கும். அயல் கலங்களைப் பற்றியிருந்த பிடியை விடும். கலத்தின் நடுவிலுள்ள கருவுக்குள் டி.என்.ஏ இறுகி, ஓரத்துக்கு ஒதுங்கி, ஒழுங்கான அளவில் துண்டுகளாக வெட்டப்படும். மேற்பரப்பில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் எழும்பி அடங்கும். மென்சவ்வின் உட்பக்கத்தில் மட்டுமே இருக்க வேண்டிய பொஸ்பற்றிடைல்செரீன் என்ற கொழுப்பு வெளிப்பக்கம் புரண்டு வந்துவிடும். செத்த கலங்களை விழுங்கும் தின்குழியங்களுக்கு அதுதான் 'வந்து தின்னலாம்' என்ற அடையாளம். கடைசியில் கலம் மென்சவ்வு மூடிய சிறு பொட்டலங்களாகப் பிரியும், அவற்றைத் தின்குழியங்களோ அயல் கலங்களோ விழுங்கிவிடும். உள்ளே இருந்த நொதியங்கள் ஒரு துளிகூட வெளியே சிந்தாது. அதனால்தான் அழற்சி இல்லை, சீழ் இல்லை, தழும்பும் இல்லை.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது கவ்வாத்தை நினைவூட்டும். சில வருடங்களுக்கு ஒரு முறை வெட்டிவிடாவிட்டால் தேயிலைச் செடி மரமாகிவிடும், கொழுந்துக்குக் கை எட்டாது. வெட்டுவதால்தான் தேயிலை மலை தேயிலை மலையாக இருக்கிறது. ஆனால் இந்த ஒப்பீடு ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. கவ்வாத்துக் கத்தி ஆளின் கையில் இருக்கிறது. கலத்திலோ கத்தி உள்ளேயே இருக்கிறது, கலம் பிறந்த நேரத்திலிருந்து உறையில் போட்டபடி.

உறையும் கத்தியும்

அந்தக் கத்திகளுக்குப் பெயர் கஸ்பேஸ். புரதங்களைக் குறிப்பிட்ட இடங்களில் வெட்டும் நொதியங்கள் இவை. உயிரோடிருக்கும் ஒவ்வொரு கலத்திலும் செயலற்ற வடிவில் தயாராகக் கிடக்கின்றன. அவற்றை உயிர்ப்பிக்க முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று வெளியிலிருந்து: நோயை எதிர்க்கும் நிர்ப்பீடனக் கலம் ஒன்று வந்து, சாக வேண்டிய கலத்தின் மேற்பரப்பில் செய்தியை வாங்கும் புரதமான வாங்கியைத் தொடும், உள்ளே கஸ்பேஸ்-8 விழிக்கும். மற்றது உள்ளிருந்து, அத்தையின் கதைக்கு வேண்டியது இதுதான். இழைமணி என்றால் சக்தி தயாரிக்கும் இடம் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கூடச் சொல்லும். அந்தச் சக்தித் தயாரிப்பில் வேலை செய்யும் சைற்றோகுரோம் சி என்ற புரதம் இழைமணியை விட்டு வெளியே கசிந்தால், அதுவே சாவுக்கான கட்டளையாகிவிடுகிறது. 1996-இல் சியாவ்டொங் வாங் குழு இதைக் கண்டபோது நம்பாதவர்கள் பலர். வாழவைக்கும் அதே புரதம், இடம் மாறினால் சாகச் சொல்கிறது! வெளியே வந்த சைற்றோகுரோம் சி, அபாஃப்-1 என்ற புரதத்தோடு சேர்ந்து ஏழு ஆரமுள்ள சக்கரம் போன்ற ஓர் அமைப்பாகிறது. அதில் கஸ்பேஸ்-9 ஏறி உட்கார்ந்து விழிக்கிறது. அது கஸ்பேஸ்-3ஐ எழுப்புகிறது. அதற்குப் பிறகு கலம் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

சைற்றோகுரோம் சி கசியலாமா கூடாதா என்று தீர்மானிப்பது பி.சி.எல்-2 என்ற புரதக் குடும்பம். அந்தக் குடும்பத்துக்குள்ளேயே இரண்டு கட்சி. பக்ஸ், பக் என்ற இரண்டும் இழைமணியின் வெளிச்சவ்வில் ஓட்டை போடுபவை. பி.சி.எல்-2, பி.சி.எல்-எக்ஸ்.எல், எம்.சி.எல்-1 ஆகியவை அவற்றைப் பிடித்து வைத்திருப்பவை. பூமா, நொக்ஸா போன்ற சின்னப் புரதங்கள் பிடித்து வைத்திருப்பவற்றின் கையை நிரப்பிவிடும். பக்ஸும் பக்கும் விடுபடும். அப்படியானால் பூமாவை யார் அழைப்பது? டி.என்.ஏ முறிந்தால், பி53 என்ற புரதம் கலத்தில் குவிகிறது. கொஞ்சம் முறிவு என்றால் கலப்பிரிவை நிறுத்திப் பழுதுபார்க்க நேரம் கொடுக்கும். திருத்த முடியாத முறிவு என்றால் பூமாவையும் நொக்ஸாவையும் தயாரிக்கச் சொல்லும். மனிதப் புற்றுகளில் ஏறக்குறைய பாதியில் இந்த பி53 ஜீன் விகாரமடைந்து, அதாவது மாறிப் பழுதாகி, இருக்கிறது. வெற்றிலை, புகையிலை, மது காரணமாக வரும் வாய்ப்புற்றில் அந்த வீதம் இன்னும் கூட.

இவ்வளவும் எனக்கு ஏற்கெனவே தெரிந்த பாடம்தான். அத்தையின் கேள்வியோடு திரும்ப வாசித்தபோது கண்ணில் பட்டது வேறொன்று. 2000-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு. எலிகளுக்கு சைக்ளோபொஸ்பமைட் என்ற புற்றுமருந்தைக் கொடுத்தார்கள். சாதாரண எலிகளுக்கு முடி கொட்டியது. பி53 ஜீன் நீக்கப்பட்ட எலிகளுக்கு முடி கொட்டவில்லை. மருந்து அதேதான். முடி வேர்களும் அதே மாதிரிப் பிரிந்துகொண்டிருந்தவைதான். வித்தியாசம் ஒன்றே ஒன்று: முதல் எலிகளின் முடி வேர்க் கலங்களுக்கு, தாங்கள் பழுதாகிவிட்டோம் என்று அறிந்து சாகத் தெரிந்திருந்தது. இரண்டாவது எலிகளின் கலங்களுக்கு அது தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் செய்யத் தோன்றாமல் இருந்தேன். பக்கத்துக் கட்டில் பெண்ணின் சீப்பு மனதில் வந்தது. அந்த முடி உதிர்ந்ததற்கு மருந்தின் கொடூரம் மட்டும் காரணமில்லை. அவள் முடி வேரிலிருந்த ஒவ்வொரு கலமும் தனக்குள் இருந்த பழைய சட்டத்துக்கு இன்னும் கட்டுப்பட்டிருந்தது. அத்தையின் வாய்ப்புண்ணிலும் அதே கதைதான். உட்சவ்வின் அடியிலிருந்து புதுக் கலங்கள் கிளம்பி, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் மேலே வந்து உதிர்வது வழக்கம். கதிர் பட்ட அடிக் கலங்கள் பிரிவதை நிறுத்துகின்றன அல்லது சாகின்றன, மேலே இருப்பவை தேய்ந்துபோக மாற்றுக்கு ஆளில்லை. அதனால்தான் புண் இரண்டாம், மூன்றாம் வாரத்தில் வருகிறது. உமிழ்நீர்ச் சுரப்பியின் கலங்களும் கதிருக்குச் சட்டென்று செத்துவிடும் வகை. கட்டியின் கலங்களோ, சாகச் சொல்லும் அந்தச் சட்டத்தை எப்போதோ தொலைத்துவிட்டவை. அப்படித் தொலைத்ததால்தான் அவை கட்டியாகவே ஆக முடிந்தது. வேகமாக வளர்வது அதன் பிறகு வருகிற விஷயம். 2000-ஆம் ஆண்டிலேயே டக்ளஸ் ஹனகனும் ரொபர்ட் வைன்பேர்க்கும் புற்றின் அடிப்படைக் குணங்கள் என்று ஆறைச் சொன்னபோது, சாக மறுப்பதை அதில் ஒன்றாக வைத்தார்கள். நாம் பள்ளியில் இன்னும் வளர்ச்சியை மட்டும்தான் பெரிதாகச் சொல்லிக்கொடுக்கிறோம். அது மாற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்த முறை போனபோது அத்தையிடம் சொன்னேன். "அத்தை, உங்க வாயில இருக்கிற நல்லதுக்கு இன்னும் சொன்ன பேச்சு கேக்கத் தெரியும். அடிபட்டா ஒதுங்கிக்கணும்னு தெரியும். கெட்டதுக்கு அது மறந்து போச்சு. அதான் நல்லது முந்திக்குது. ஆனா நல்லதுக்கு அடியில வேர் இருக்கு, திரும்ப முளைச்சு வரும்." ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக, ஆறு ஏழு வாரத்துக்குக் கதிரைப் பிரித்துக் கொடுப்பதும் இதற்குத்தான் என்று விளக்கினேன். இரண்டு தடவைக்கு இடைப்பட்ட நேரத்தில் நல்ல கலங்கள் முறிவுகளைத் திருத்திக்கொள்கின்றன. புற்றுக் கலங்களால் அவ்வளவு நன்றாகத் திருத்த முடிவதில்லை. முறிந்த டி.என்.ஏயோடு பிரியப் போய், பிரிவின் நடுவில் குலைந்து சாகின்றன. அது ஒழுங்கான சாவு இல்லை, மெதுவாகவும் நடக்கும், ஆனாலும் சாவுதான். கலம் சாவதற்கு அப்பொப்டோசிஸ் ஒன்றே வழி என்று நினைத்துவிடக் கூடாது.

அத்தை தலையாட்டினார். புண் வாயோடு பேசுவது கஷ்டம். அப்படியிருந்தும் கேட்டார்: "கெட்டதுக்குத் திரும்பப் பேச்சுக் கேக்கக் கத்துக் குடுக்கிற மருந்து இல்லியா?"

கத்துக் குடுக்கிற மருந்து

இருக்கிறது. ஆனால் அத்தையின் புற்றுக்கு இல்லை.

1980களின் நடுப்பகுதியில், ஒரு வகை நிணநீர்ப் புற்றில் ஜீன்களைத் தாங்கும் நிறமூர்த்தங்கள் இரண்டு துண்டு மாறி ஒட்டியிருப்பதைத் தேடிப்போன இடத்தில் அகப்பட்டதுதான் பி.சி.எல்-2 ஜீன். 1988-இல் மெல்பர்னில் டேவிட் வோக்ஸ் என்ற இளம் ஆராய்ச்சியாளர், அந்த ஜீன் கலத்தை வளரவைப்பதில்லை, சாகவிடாமல் வைத்திருக்கிறது என்று காட்டினார். புற்றை உண்டாக்கும் ஒரு ஜீன் சாவைத் தடுப்பதன் மூலம் வேலை செய்ய முடியும் என்று தெரியவந்தது அப்போதுதான். அந்தப் பிடியை விடுவிக்கும் மருந்துக்கு அதன் பிறகு ஏறக்குறைய முப்பது வருடம் ஆயிற்று. பூமா போன்ற புரதங்கள் பி.சி.எல்-2இல் போய் உட்காரும் பள்ளத்தில் தானே உட்காரும் சிறு மூலக்கூறைத் தேடினார்கள். முதலில் வந்த நவிற்றோக்ளக்ஸ் பி.சி.எல்-எக்ஸ்.எல்லையும் சேர்த்துத் தடுத்தது. குருதியை உறையவைக்கும் சிறுதட்டுகள் உயிரோடிருப்பது அந்த பி.சி.எல்-எக்ஸ்.எல்லின் தயவில் என்பதால் நோயாளிகளின் சிறுதட்டுகள் மளமளவென்று குறைந்தன. பிறகு பி.சி.எல்-2ஐ மட்டும் பிடிக்கும் வெனெற்றோக்ளக்ஸ். 2016-இல் அமெரிக்காவில் நாட்பட்ட நிணநீர்க்கல வெண்புற்று என்ற குருதிப் புற்று நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு அனுமதிக்கப்பட்டது. அதுவும் முதலில் யாருக்கு? பி53 இருக்கும் நிறமூர்த்தத் துண்டையே இழந்தவர்களுக்கு, அதாவது பழைய மருந்துகள் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு. மருந்து நேராக இழைமணியிடம் பேசுவதால் பி53 இல்லாமலும் வேலை நடக்கிறது. புற்றுக் கலங்கள் ஒரேயடியாகச் செத்து, அவற்றின் கழிவு சிறுநீரகத்தைத் திணறடிக்கும் என்பதால் 20 மில்லிகிராமில் தொடங்கி, வாரம் வாரம் ஏற்றி, ஐந்தாம் வாரத்தில்தான் 400க்கு வருகிறார்கள். புற்றுக் கலம் மிக வேகமாகச் சாகிறது என்பதற்காக டொக்டர்கள் பயப்பட வேண்டிய நிலை! அதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

வாய்ப்புற்றுக்கு நெருங்கிய தலை, கழுத்துப் புற்றுகளிலும் முயற்சி நடந்தது. கஸ்பேஸ்களைப் பிடித்து அடக்கி வைக்கும் ஒரு புரத வகை இருக்கிறது. அதை விலக்கினால் கதிரும் சிஸ்பிளாட்டினும் கொடுக்கும் கட்டளைக்குக் கட்டி கீழ்ப்படியும் என்ற எண்ணத்தில் செவினபன்ட் என்ற மருந்து வந்தது. 96 பேரில் செய்த இரண்டாம் கட்டப் பரிசோதனையில், 18 மாத முடிவில் கட்டி அதே இடத்தில் கட்டுப்பட்டிருந்தவர்கள் மருந்து பெற்றவர்களில் 54 சதவீதம், பெறாதவர்களில் 33 சதவீதம். இந்தப் புற்றுகளின் கதை மாறப்போகிறது என்று நினைக்கத் தோன்றும் எண்கள். பெரிய மூன்றாம் கட்டப் பரிசோதனை தொடங்கியது. 2024 ஜூனில், பலன் தெரிய வாய்ப்பில்லை என்று அதை நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்பே, வெளியிலிருந்து வாங்கியைத் தொட்டுக் கலத்தைச் சாகச் சொல்லும் ட்ரெயில் வகை மருந்துகளும் ஆய்வுகூடத்தில் அருமையாக வேலை செய்து, மனிதரில் எதிர்பார்த்த பலனைக் கொடுக்காமல் போயின.

ஏன் குருதிப் புற்றில் முடிவது வாயில் முடியவில்லை? அந்த வெண்புற்றுக் கலங்கள் பெரும்பாலும் பி.சி.எல்-2 என்ற ஒரே பிடியில் தொங்குகின்றன. அதைத் தட்டிவிட்டால் போதும். முப்பது வருடம் பாக்கு மென்ற வாயில் வரும் கட்டி அப்படியில்லை. அதில் ஒரு கலத்துக்கும் அடுத்த கலத்துக்கும் விகாரங்கள் வேறு; ஒன்று எம்.சி.எல்-1ஐ நம்பியிருக்கும், இன்னொன்று பி.சி.எல்-எக்ஸ்.எல்லை. ஒரு கதவை அடைத்தால் இன்னொன்றால் தப்பும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தடுத்தால் இதயத் தசையும் சிறுதட்டும் தாங்காது.

யானையைப் பற்றி அத்தையிடம் சொன்னதை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. அவ்வளவு பெரிய உடம்பு, அவ்வளவு கலங்கள், நீண்ட ஆயுள், ஆனாலும் யானைக்குப் புற்று குறைவு. மனிதனின் ஜீன் தொகுதியில் பி53 ஒரு பிரதி என்றால் யானையில் ஏறக்குறைய 20 பிரதிகள் இருப்பதாக 2015-இல் வெளியான ஆய்வு சொன்னது. யானையின் கலத்துக்குக் கதிர் பட்டால், திருத்திப் பார்ப்போம் என்று காத்திராமல் மனிதக் கலத்தைவிட எளிதாகச் செத்துவிடுகிறது. பெரஹரா ஊர்வலத்தில் தந்தக்கட்டும் விளக்குமாக அசைந்து போகும் யானைகளைச் சின்ன வயதில் கண்டி வீதியோரம் நின்று பார்த்தவர் அத்தை. "அம்மாம் பெரிய உருவம், சின்ன அடிக்கே ஒதுங்கிக்குமா?" என்று வியந்தார்.

வெற்றிலைப் பை

நம் மலைகளில் இதை எழுதும்போது வெற்றிலையைத் தொடாமல் போக முடியாது. காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்குப் போகும் முன் ஒரு வாய், தேத்தண்ணிக்குப் பிறகு ஒரு வாய், மத்தியானம் கொழுந்து நிறுத்ததும் ஒரு வாய். குளிருக்கு, பசிக்கு, அட்டைக்கு, அலுப்புக்கு. இதைக் கெட்ட பழக்கம் என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுபவர்கள், மழையில் நனைந்த படங்கைக் கட்டிக்கொண்டு சரிவில் நின்று பார்த்தவர்கள் இல்லை. இலங்கை ஆண்களில் மிக அதிகமாக வரும் புற்று வாய்ப்புற்று. தோட்டப்புறத்தில் பெண்களிலும் பலர் மெல்லுகிறார்கள்.

பொயிலை சேர்க்காமல் போட்டால் ஒன்றுமில்லை என்ற நம்பிக்கை லயங்களில் இன்னும் பலமாக இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, புகையிலை இல்லாத வெற்றிலைக் கூட்டும், ஏன் பாக்கு மட்டுமே கூட, மனிதருக்குப் புற்று உண்டாக்கும் என்று 2004-இல் வெளியிட்ட மதிப்பீட்டிலேயே சொல்லிவிட்டது. சுண்ணாம்பு வாயைக் காரமாக்குகிறது, உறைப்பு இல்லை, அமிலத்துக்கு எதிரான காரம். அந்தக் காரத்தில் பாக்கின் பொலிபீனோல்கள் ஒட்சியேற்றமடைந்து டி.என்.ஏயைத் தாக்கும் ஒட்சிசன் வடிவங்களைத் தருகின்றன. கன்னத்தின் கலங்கள் முறிகின்றன, பி53 கூப்பிடுகிறது, சாக வேண்டியவை சாகின்றன. ஆயிரக்கணக்கான நாட்கள் இது ஒழுங்காக நடக்கிறது. ஒரு நாள் முறிவு பி53 ஜீனிலேயே விழுகிறது. அந்தக் கலம் மட்டும் சாகவில்லை. அதன் பிள்ளைகளும் சாகவில்லை. வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாத கன்னத்தில், சாகத் தெரியாத கலங்களின் ஒரு திட்டு மெல்லப் பரவுகிறது. கட்டியை வெட்டிய பிறகு பக்கத்திலேயே இன்னொன்று வருவது இதனால்தான்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றில் இதே பி53ஐ ஒரு வைரஸின் ஈ6 என்ற புரதம் பிடித்து அழித்துவிடுகிறது. அந்த வைரஸைத் தடுக்க இலங்கையில் 2017 முதல் தரம் ஆறு மாணவிகளுக்கு ஊசி போடுகிறார்கள். பாக்குக்கு ஊசி கிடையாது.

அத்தையின் கன்னத்தின் உட்பக்கத்தில், புற்றுக்கு முன் வரக்கூடிய வெள்ளைப் படை நெடுநாளாக இருந்தது. சுண்ணாம்பு சுட்டது என்றார், எல்லோரும் அப்படியே நம்பினோம். அந்தக் கட்டத்தில் பெரும்பாலான கலங்களுக்கு இன்னும் சாகத் தெரியும். படையை எடுத்துவிட்டால், மெல்லுவதை நிறுத்திவிட்டால், மிச்ச வேலையை உடம்பே பார்த்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. கட்டியான பிறகு, கோடிக்கணக்கில் செலவழித்த மருந்து நிறுவனங்களாலேயே செய்ய முடியாததைச் செய்யச் சொல்லி டொக்டர்களிடம் கேட்கிறோம். புதிய மருந்து வந்துவிட்டது என்று பத்திரிகையில் படிக்கும்போதெல்லாம் எனக்கு இப்போது கோபம் வருகிறது. மருந்தின் மீது இல்லை. அந்தச் செய்திக்குக் கொடுக்கும் அரைப் பக்கத்தில் கால் பங்கைக்கூட நாம் வெள்ளைப் படைக்குக் கொடுப்பதில்லை என்பதில்தான்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் எல்லாரும் வரிசையில்தான் நிற்கிறார்கள். ஒரு டோர்ச், ஒரு கையுறை, பார்க்கத் தெரிந்த ஒருவர். மூன்று விரலைச் செங்குத்தாக வாய்க்குள் வைக்க முடிகிறதா, உறைப்பு பட்டால் எரிகிறதா, வழித்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருக்கிறதா, இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருக்கிறதா. ஒருவருக்கு ஒரு நிமிடம் போதும். பாக்கால் இறுகிய கன்னம் பழையபடி இளகுவது அரிது, ஆனால் பாக்கை நிறுத்தினால் புற்று வரும் ஆபத்து குறைகிறது. எங்கள் தோட்டத்து மருந்துக் காம்பராவில் இதை மாதம் ஒரு முறை செய்ய வேண்டும் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன், தலைவர்மாரிடமும் பேசிக்கொண்டிருக்கிறேன். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் சிலர் விடுமுறையில் வந்து பெயர் பதிய ஆயத்தமாக இருக்கிறார்கள். உங்கள் தோட்டத்தில் யாராவது இதை ஏற்கெனவே செய்திருந்தால், எந்த நேரத்தில் வைத்தால் ஆட்கள் நின்று காட்டுகிறார்கள், யாரைக் கூட்டிக்கொண்டு போனால் பெண்கள் கூச்சப்படாமல் வாயைத் திறக்கிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.